டிகிரி முடிக்காமல் கல்லூரியை விட்டு ஏன் போகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர், படிப்பை விட்டுவிடலாமா என்று யோசிக்கும் மாணவர்கள், ஏற்கெனவே விட்டுவிட்டவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகள் இவை. நான் கலை அறிவியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். பொறியியல் பற்றிச் சொல்வது அங்கே வேலை பார்க்கும் நண்பர்கள் மூலமும், என்னிடம் வந்து சேர்ந்த சில முன்னாள் பொறியியல் மாணவர்கள் மூலமும் தெரிந்துகொண்டது. மருத்துவத்தையும் சட்டத்தையும் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

தமிழ்நாட்டில்தான் அதிகம் பேர் காலேஜ் போகிறார்கள் என்கிறார்களே. அப்புறம் என்ன கவலை?

பெரிய மாநிலங்களில் நமக்குத்தான் முதலிடம், அது உண்மை. மத்திய கல்வி அமைச்சகத்தின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4 சதவீதம். தமிழ்நாட்டுக்கு 47. ஆனால் பெயரிலேயே இருக்கிறது, அது சேர்க்கை விகிதம். கல்லூரிப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களின் எண்ணிக்கையை 18 முதல் 23 வயது வரை உள்ள மக்கள்தொகையோடு வைத்துப் பார்ப்பது. டிகிரியோடு வெளியே போனவர்கள் எத்தனை பேர் என்பதற்கு அதில் பதில் இல்லை. அட்மிஷன் போட்டு இரண்டு மாதம் வந்துவிட்டு, அப்புறம் ஆளையே காணோம் என்று ஆகிவிட்ட பையனும், பதிவேட்டில் பெயர் அடிக்கப்படும்வரை அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறான்.

இன்னொன்றும் உண்டு. முன்பு கல்லூரி வாசலையே மிதிக்காத வீடுகளிலிருந்து இப்போது பிள்ளைகள் வருகிறார்கள். அப்பா செங்கல் சூளை, அம்மா நூறு நாள் வேலை. செமஸ்டர் என்றால் என்ன, இன்டர்னல் மார்க் என்றால் என்ன என்று சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை. இவர்கள் உள்ளே வந்ததே பெரிய சாதனை. பாதியில் நின்றுபோகும் ஆபத்து அதிகம் உள்ளவர்களும் இவர்களேதான்.

மொத்தம் எத்தனை பேர் பாதியில் விலகுகிறார்கள்? ஒரு சதவீதம் சொல்லுங்களேன்.

ஒற்றைச் சதவீதத்தை யார் சொன்னாலும், யாரை எல்லாம் சேர்த்து எண்ணினீர்கள் என்று முதலில் கேளுங்கள். 2023 டிசம்பரில் மக்களவையில் தரப்பட்ட ஒரு பதிலைப் பாருங்கள். மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐ.ஐ.டி.க்கள், ஐ.ஐ.எம்.களிலிருந்து ஐந்து ஆண்டுகளில் வெளியேறிய பட்டியலின, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்கள் மட்டும் 13,600 பேருக்கு மேல். அதற்கு அமைச்சகம் சொன்ன விளக்கம், மாணவர்களுக்குப் பல வாய்ப்புகள் இருக்கின்றன, ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிப் போகிறார்கள் என்பது. மாறிப் போனவர்கள் இருப்பார்கள்தான். ஆனால் எத்தனை பேர் மாறினார்கள், எத்தனை பேர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள் என்று அந்த எண்ணிக்கையிலிருந்து பிரித்தறிய முடியாது.

நம் கல்லூரிகளிலும் இதே குழப்பம். மருத்துவ சீட் கிடைத்ததும் பி.எஸ்சி.யை விட்டுப் போகும் மாணவியும், அப்பாவுக்கு விபத்து ஆனதால் பனியன் கம்பெனிக்குப் போகும் மாணவனும் பதிவேட்டில் ஒரே சிவப்பு மைக் கோடுதான். இன்னொரு பக்கம், மூன்று வருடமும் வந்து, ஆறு அரியரோடு வெளியே போய், கடைசிவரை பட்டம் வாங்காதவர் ‘விலகியவர்’ கணக்கிலேயே வருவதில்லை. கோர்ஸ் முடித்தவர் என்று டி.சி. வாங்கிக்கொண்டு போகிறார். என் அனுபவத்தில் டிகிரி இல்லாமல் போகிறவர்களில் பெரிய கூட்டம் இந்தக் கடைசி வகைதான்.

காரணம் பணம்தானே? வசதி இல்லாததால்தானே விடுகிறார்கள்?

பணம்தான். ஆனால் எந்தப் பணம் என்பதில்தான் பலரும் தவறாக நினைக்கிறார்கள். ஃபீஸ் என்று நினைக்கிறார்கள். அரசு கலைக் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணமே கிடையாது. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று ஆண்டுக்குக் கட்டுவது, அதே பையன் கையில் வைத்திருக்கும் போனின் விலையைவிடக் குறைவு. அதைக் கட்ட முடியாமல் நின்றவர்களும் உண்டு. சக மாணவர்களோ ஆசிரியரோ சேர்ந்து கட்டிவிடுகிற தொகைதான் அது.

கட்ட முடியாதது வேறு. கல்லூரியில் இருக்கும் நேரத்தில் சம்பாதிக்காமல் விட்ட கூலி. பதினெட்டு வயதில் உடம்பில் தெம்பு வந்துவிட்டது, வேலை கூப்பிடுகிறது. கல்யாண மண்டபத்தில் கேட்டரிங் பரிமாறப் போகலாம், பெயின்ட் அடிக்கப் போகலாம், பைக் இருந்தால் டெலிவரி ஓட்டலாம். திருப்பூரில் பனியன் கம்பெனி, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர்ப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் பிளஸ் டூ முடித்தவர்களைத் தங்குமிடம், பஸ், சாப்பாட்டோடு எடுக்கின்றன. ஊரில் கூடப் படித்தவன் மாதச் சம்பளம் வாங்கி வீட்டுக்கு மிக்ஸி வாங்கிக் கொடுத்துவிட்டான். இவன் மூன்றாம் வருடம் முடித்து அதே கம்பெனிக்கு, ஏறக்குறைய அதே சம்பளத்துக்குப் போகப் போகிறான் என்றால் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று அவன் கேட்கிறான். அறியாமையில் கேட்கும் கேள்வி இல்லை இது. அவன் கண்ணால் பார்த்ததை வைத்துக் கேட்கிறான்.

அப்புறம் திடீர்ச் செலவு. அப்பா வண்டியிலிருந்து விழுந்து கால் உடைவது, மகளிர் குழுக் கடனின் வாரத் தவணை, அக்கா கல்யாணம். இதில் ஏதாவது ஒன்று வந்தால் ‘ஒரு மாதம் மட்டும்’ என்று வேலைக்குப் போகிறான். அந்த ஒரு மாதத்தில் அட்டெண்டன்ஸ் போகிறது, இன்டர்னல் தேர்வு போகிறது, கூச்சம் வருகிறது. இரண்டாவது மாதம் வருவதில்லை. ‘நான் படிப்பை விடுகிறேன்’ என்று முடிவெடுத்து, கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வராமல் இருந்து, இருந்து, அப்படியே நின்றுபோகிறார்கள்.

அரசு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறதே, அது போதாதா?

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டில். பஸ், நோட்டு, ஜெராக்ஸ், போன் ரீசார்ஜ், மாதவிடாய்க்கால நாப்கின் என்று வீட்டில் கை நீட்டிக் கேட்க வேண்டிய செலவுகளை அது சுமக்கிறது. மாணவிகளிடம் நல்ல மாற்றம் தெரிகிறது. ‘காலேஜை நிறுத்தினால் அந்தப் பணமும் நின்றுபோகும்’ என்று அப்பாவிடம் பேரம் பேச ஒரு பிடி கிடைத்திருக்கிறது. பையன்கள் விஷயத்தில் அவ்வளவு சொல்ல மாட்டேன். சில முகூர்த்த நாள்கள் பரிமாறப் போனால் அந்த ஆயிரம் வந்துவிடும்.

ஷிப்ட் முறை இருக்கிறதே, பாதி நாள் வேலை, பாதி நாள் படிப்பு?

பல அரசு கலைக் கல்லூரிகளில் காலை, மாலை என்று இரண்டு ஷிப்ட் உண்டு. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்குப் பெரிய ஆறுதல் அது. இரவு வேலை பார்த்துவிட்டு வந்து காலை ஷிப்டில் கடைசி பெஞ்சில் தூங்குகிறவனை எழுப்பலாமா வேண்டாமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

ஸ்காலர்ஷிப் வாங்குகிற பிள்ளைகளும் விலகுகிறார்களே, ஏன்?

பணம் வரும் நேரமும், கல்லூரி கேட்கும் நேரமும் ஒத்துப்போகாததால். ஆதிதிராவிடர், பழங்குடி, மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களுக்குச் சுயநிதிக் கல்லூரிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்பதற்கு 2012-இல் வந்த அரசாணை 92 இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆனால் ஸ்காலர்ஷிப் வருவதற்குள் கல்லூரி ‘இப்போது நீ கட்டு, வந்ததும் எடுத்துக்கொள்’ என்கிறது. ஹால் டிக்கெட் கொடுக்கும் வாரத்தில் இந்தப் பேச்சு சூடு பிடிக்கும்.

இப்போது மத்திய அரசின் பங்கு நேராக மாணவர் வங்கிக் கணக்குக்கே வருகிறது. நோக்கம் நல்லதுதான், நடுவில் யாரும் கை வைக்க முடியாது. நடைமுறையில் என்ன ஆகிறது? கணக்கில் வந்த பணம் அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போய்விடுகிறது, கல்லூரி பாக்கி அப்படியே நிற்கிறது, பையன் ஆபீஸ் ரூம் பக்கம் தலை காட்டப் பயப்படுகிறான். ஸ்காலர்ஷிப் வந்த அன்றே அதில் எவ்வளவு கட்டணம், எவ்வளவு பராமரிப்புப் படி என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆதார் இணைக்காத கணக்கு, செயலிழந்த கணக்கு என்று பணம் திரும்பிப் போவதும் நடக்கிறது. அதையும் முன்கூட்டியே சரிபாருங்கள்.

எந்தச் சமயத்தில் அதிகம் விலகுகிறார்கள்?

முதல் வருடம். அதிலும் முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த பிறகு. பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைக்கு ஆறு பேப்பரில் மூன்று போய்விட்டால் வீட்டில் சொல்ல முடியாது, வகுப்பில் உட்கார முடியாது. நீட் தேர்வை மறுபடி எழுதப் போகிறேன் என்று கிளம்புவதும் முதல் வருடத்தில்தான். இரண்டாம் வருடத்தில் நண்பர் கூட்டம் அமைந்துவிடுகிறது, அப்புறம் விலகுவது குறைகிறது. கல்லூரிக்குப் போகவே பிடிக்காத நாளில்கூட நண்பன் பைக்கில் வந்து நின்றால் கிளம்பிவிடுவார்கள். மூன்றாம் வருடம் வந்தால் அரியர் இருந்தாலும் உட்கார்ந்து முடித்துவிடுவார்கள்.

ஆங்கிலம் அவ்வளவு பெரிய தடையா?

தமிழ் வழியில் பன்னிரண்டு வருடம் படித்த மாணவன் முதல் நாள் வகுப்பில் உட்காருகிறான். ஆசிரியர் வேகமாக ஆங்கிலத்தில் நடத்துகிறார், நடுவே ‘ஓகேவா, புரிஞ்சுதா’ என்பது மட்டும் தமிழ். எல்லாரும் தலையாட்டுகிறார்கள், இவனும் ஆட்டுகிறான். புரியவில்லை என்று எழுந்து சொல்லும் தைரியம் வருவதற்குள் நாலு யூனிட் போய்விடுகிறது. அவனுக்கு வேதியியல் தெரியாமல் இல்லை. ‘சமநிலை’ என்று கேட்டால் விளக்குவான். அதே கேள்வி ஆங்கிலத்தில் வந்தால் விழிப்பான். ஒரு வருடம் இப்படி ஓடினால் ‘நமக்குப் படிப்பு ஏறாது’ என்று தன்னைப் பற்றியே தீர்ப்பு எழுதிவிடுகிறான். விலகும் பலர் சொல்லும் காரணம் பணம், உள்ளே இருக்கும் காரணம் இது. ‘புரியவில்லை’ என்று சொல்வதைவிட ‘வீட்டில் கஷ்டம்’ என்று சொல்வது கௌரவமாக இருக்கிறதல்லவா.

பொறியியலில் இது இன்னும் கூர்மை. முதல் செமஸ்டர் கணிதம், மாணவர் பாஷையில் எம் ஒன், எத்தனையோ பேரின் கணக்கை அங்கேயே முடித்திருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளைத் தமிழ் வழியிலும் தொடங்கியது. ஆனால் வேலைக்கு எடுக்க வரும் கம்பெனி தமிழில் படித்தவரை எப்படிப் பார்க்கும் என்ற பயம் பெற்றோரிடம் போகவில்லை. கலைக் கல்லூரிகளில் தேர்வைத் தமிழில் எழுத அனுமதிக்கும் பாடங்கள் பல உண்டு. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமலே முதல் செமஸ்டரைக் கோட்டைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அரியர் வைத்தால் மேல் வகுப்புக்குப் போகலாமே. அப்புறம் அது எப்படிப் படிப்பை நிறுத்தும்?

அங்கேதான் வலை இருக்கிறது. பழைய காலத்தில் பெயில் என்றால் அதே வகுப்பு. இப்போது நம் கலைக் கல்லூரிகளில் எத்தனை பேப்பர் போனாலும் அடுத்த வருடத்துக்குப் போய்விடலாம். மாணவனுக்கு இது கருணை. அதே கருணை, கணக்கைக் கண்ணில் படாமல் மறைத்தும் விடுகிறது. ஐந்தாம் செமஸ்டரில் நடப்புப் பேப்பர் ஐந்தோ ஆறோ, அதோடு பழைய பேப்பர் எட்டு. இருபது நாளில் பதினான்கு தேர்வு யாரால் எழுத முடியும்? ஒவ்வொரு பேப்பருக்கும் தனிக் கட்டணம் வேறு. ‘அடுத்த தடவை பார்த்துக்கலாம்’ என்பதற்கு ஆறு மாதம் வட்டி ஏறுகிறது.

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் நாலு வருட பி.இ.யை முடிக்க ஏழு வருடம் அவகாசம். அதையும் தாண்டியவர்கள் ஏராளம். 2021 நவம்பர்-டிசம்பர் தேர்வில், 2001-02 காலத்தில் சேர்ந்தவர்கள் வரைக்கும் சிறப்பு வாய்ப்பு என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. கூடுதல் கட்டணம் 5,000 ரூபாய். இருபது வருடத்து அரியர்! கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்கும் வயதில் இருப்பவர்கள் ஹால் டிக்கெட்டோடு வந்து உட்காரும் காட்சியை நினைத்துப் பாருங்கள்.

கொரோனா சமயத்தில், 2020 ஆகஸ்டில், கட்டணம் கட்டிய அரியர் மாணவர்கள் அனைவரும் தேர்ச்சி என்று அரசு அறிவித்ததும், அன்றைய முதல்வரை வாழ்த்தி மாணவர்கள் பேனர் வைத்ததும் பலருக்கு நினைவிருக்கும். அது செல்லாது, தேர்வு நடத்துங்கள் என்று அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அட்டெண்டன்ஸ் குறைந்துவிட்டது. அவ்வளவுதானா?

இல்லை. 75 சதவீதம் இருந்தால் தேர்வு எழுதலாம். 65-க்கும் 75-க்கும் நடுவில் இருந்தால் மருத்துவச் சான்று, கண்டோனேஷன் கட்டணம் (வருகைக் குறைவை மன்னிக்கக் கட்டுவது) என்று வழி இருக்கிறது. அதற்குக் கீழே போனால் பல பல்கலைக்கழகங்களில் அந்த செமஸ்டர் தேர்வை இப்போது எழுத முடியாது, அடுத்த முறை எழுதலாம். பாதிக்கும் கீழே என்றால் செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். விதி ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் கொஞ்சம் மாறும். துறைத் தலைவரைப் பாருங்கள். அவர் திட்டுவார். திட்டிவிட்டு வழி சொல்லுவார். திட்டுக்குப் பயந்து போகாமல் இருந்தவர்கள்தான் செமஸ்டரை இழந்தவர்கள்.

மாணவிகள் விலகும் காரணம் வேறா?

கல்லூரிக்கு வந்துவிட்ட மாணவிகள் பையன்களைவிட நன்றாகவே தாக்குப்பிடிக்கிறார்கள். அரியரும் குறைவு. அவர்கள் நிற்பது பெரும்பாலும் தங்கள் முடிவால் இல்லை. வரன் வந்துவிட்டது, ‘கல்யாணத்துக்கு அப்புறம் படிக்க வைக்கிறோம்’ என்று மாப்பிள்ளை வீட்டார் வாக்குக் கொடுத்தார்கள். அந்த வாக்கு முதல் குழந்தைவரைகூட நிற்பதில்லை. அல்லது பஸ் ஸ்டாப்பில் ஒரு பையனோடு பேசியதை யாரோ பார்த்து வீட்டில் சொல்லிவிட்டார்கள். மறுநாளிலிருந்து அந்த நாற்காலி காலி. அவளுடைய தோழிகளுக்குக் காரணம் தெரியும், ஆசிரியர்களிடம் சொல்ல மாட்டார்கள்.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. தூரக் கல்லூரி வேண்டாம் என்று சொல்லும் வீடுகளின் ஒரு வாதம் அதில் உடைந்தது. கர்ப்பமான மாணவிகளுக்கு ஒரு செய்தி: இளநிலை, முதுநிலை மாணவிகளுக்கும் மகப்பேறு விடுப்பு, வருகைப்பதிவில் தளர்வு தரும் விதிகளை வகுக்குமாறு 2021 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் எழுதியது. உங்கள் பல்கலைக்கழகத்தில் அதற்கு என்ன விதி என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் ‘அப்படி ஒன்றும் இல்லையே’ என்ற பதில்தான் முதலில் வரும்.

சாதி, கேலி, தனிமை இவற்றால் விலகுவார்களா?

விலகுவார்கள், அதைக் காரணமாக எழுதிக் கொடுக்க மாட்டார்கள். விடுதியில் யார் அறையில் யார் என்பதில் தொடங்கி, புராஜெக்ட் குழுவில் யாரும் சேர்த்துக்கொள்ளாதது, ‘நீ எந்தக் கோட்டா’ என்ற கேள்வி வரை எல்லாம் நடக்கிறது. ராகிங்கைத் தடைசெய்யத் தமிழ்நாட்டில் 1997-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, ஆனால் மெல்லிய குரலில் நடக்கும் ஒதுக்கல் சட்டப் பிரிவுக்குள் அகப்படாது. மனம் மிகவும் சோர்ந்திருந்தால் முடிவு எதையும் எடுக்காமல் முதலில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அரசின் மனநல உதவி எண்ணை, கூப்பிடுங்கள். தமிழில் பேசுவார்கள், பணம் கிடையாது.

கணித மேதை ராமானுஜனே டிகிரி முடிக்கவில்லையே?

பில் கேட்ஸ் என்று கேட்பார்கள், நீங்கள் நம் ஊர் ஆளைக் கேட்டது சந்தோஷம். சரி, அந்தக் கதையை முழுதாகப் பார்ப்போம். 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் போகவில்லை. ஆங்கிலத்தில் தோற்றதும் உதவித்தொகை போனது. வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடினார். பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் (பி.ஏ.வுக்கு முந்தைய கல்லூரித் தேர்வு) தேறவில்லை. இன்றைய முதல் வருட மாணவனின் கதையை அப்படியே நூற்றிருபது வருடம் முன்னால் கொண்டுபோய் வைத்தது மாதிரி இருக்கிறது: உதவித்தொகை, ஆங்கிலம், கூச்சம், ஓட்டம்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் நாம் விரைவாகக் கடந்துவிடுகிறோம். டிகிரி இல்லாததால் பல வருடம் வேலை இல்லை, சாப்பாட்டுக்கே திண்டாட்டம், உடம்பு கெட்டது, தெரிந்தவர்களிடம் நோட்டுப் புத்தகத்தைக் காட்டிக்கொண்டு அலைந்தார். 1912-இல்தான் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. 1914-இல் கேம்பிரிட்ஜ் போனார், 1916-இல் அங்கேதான் பட்டம் கிடைத்தது. அவரைக் காப்பாற்றியது கல்லூரியை விட்டது இல்லை. துறைமுகத்திலும் சென்னையிலும் அவர் நோட்டைப் புரட்டிப் பார்க்கப் பொறுமை உள்ள நாலு பேர் கிடைத்தார்கள்.

பில் கேட்ஸ் 1975-இல் ஹார்வர்டை விட்டபோது அப்பா வசதியான வக்கீல். திரும்பி வந்து சேர இடமும் இருந்தது.

அப்படியானால் விலகுவது எப்போதுமே தப்பா?

இல்லவே இல்லை. மாமா சொன்னார் என்று சேர்ந்த கோர்ஸ் முதல் இரண்டு மாதத்திலேயே ஒத்துவரவில்லை என்றால் அப்போதே மாறுவது புத்திசாலித்தனம். பொறியியலில் நாலு செமஸ்டரில் இருபது அரியர் வைத்திருக்கும் ஒருவர் பாலிடெக்னிக்கில் சேர்ந்து தெளிந்ததைப் பார்த்திருக்கிறேன். பிளஸ் டூவில் உரிய பாடம் எடுத்தவர்கள் டிப்ளமோவில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். ஆசிரியரே இல்லாமல், பாதி நேரம் பூட்டிக் கிடக்கும் கல்லூரியில் வருடத்துக்கு ஒரு லட்சம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது? ஒரே ஒரு விஷயம் கேட்கிறேன்: அடுத்து எங்கே போகிறோம் என்று தெரிந்துகொண்டு, எழுத்தில் கொடுத்துவிட்டு விலகுங்கள். நழுவிப் போனவர்களுக்குத்தான் பின்னால் சான்றிதழ், கட்டணம், மறுசேர்க்கை என்று எல்லாச் சிக்கலும் வருகிறது.

கல்லூரி ஒரிஜினல் சான்றிதழைத் தர மறுக்கிறது. மீதி வருடக் கட்டணத்தையும் கட்டச் சொல்கிறது.

ஒரிஜினல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது. 2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட அறிவிக்கையிலேயே இது இருக்கிறது. சேர்க்கையின்போது சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும். சான்றிதழ் விற்பனைப் பண்டம் இல்லை, பாக்கிக்காக அதை ஈடாக வைத்துக்கொள்ள முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. முழுப் படிப்புக் காலத்துக்கும் கட்டணம் கேட்பதற்கும் இடமில்லை.

அதே அறிவிக்கையின்படி கட்டணம் திரும்பக் கிடைப்பது, அறிவிக்கப்பட்ட கடைசிச் சேர்க்கைத் தேதியை வைத்து. அதற்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னால் விலகினால் சிறிய தொகை பிடித்துக்கொண்டு முழுவதும், 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம், தேதி முடிந்து 15 நாள் வரை 80, அடுத்த 15 நாளில் 50. முப்பது நாள் தாண்டினால் ஒன்றும் இல்லை. சில ஆண்டுகளில் மானியக் குழு இதைவிடத் தாராளமாகவும் அறிவித்திருக்கிறது, அந்த வருட அறிவிப்பைப் பாருங்கள். கடிதம் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

கல்விக் கடன் வாங்கியிருக்கிறேன். விலகினால்?

வங்கிக்கு முதலில் சொல்லுங்கள். வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு மத்திய அரசு தரும் வட்டி மானியம், பாதியில் விலகினால் போய்விடும். உடல்நலக் காரணத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே நோய்தான் காரணம் என்றால் மருத்துவ ஆவணங்களைப் பத்திரமாக வையுங்கள். கடனில் அப்பாவோ அம்மாவோ சேர்ந்துதான் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், நோட்டீஸ் அவர்களுக்கும் வரும்.

விட்டுவிட்டேன். திரும்பச் சேர முடியுமா?

முடியும். நின்ற கல்லூரியிலேயே மறுசேர்க்கைக்கு விண்ணப்பிப்பதுதான் எளிது. முடித்த செமஸ்டர்கள் வீணாகாது. எந்த செமஸ்டரில் நின்றீர்களோ அது தொடங்கும் ஜூனிலோ டிசம்பரிலோ முன்கூட்டியே போய்க் கேளுங்கள், பல்கலைக்கழக அனுமதி வர நாள் எடுக்கும். இடையில் பாடத்திட்டம் மாறியிருந்தால் சில பேப்பர் கூடுதலாக எழுத வேண்டி வரும். முன்கூட்டியே அனுமதி வாங்கி இடைநிறுத்தம் செய்யும் ‘பிரேக் ஆஃப் ஸ்டடி’ வசதி பொறியியலில் உண்டு. நோய், குடும்பச் சிக்கல் வந்தால் நழுவுவதற்குப் பதில் இதைக் கேளுங்கள்.

வேலையை விட முடியாதவர்களுக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவும் இருக்கின்றன. இக்னோவில் மூன்று வருட பி.ஏ.வை முடிக்க ஆறு வருடம்வரை நேரம். பிளஸ் டூ முடித்துவிட்டு அங்கே வாங்கும் பட்டம் அரசு வேலைக்கும் செல்லும். ஒரு வருடத்துக்குச் சான்றிதழ், இரண்டு வருடத்துக்கு டிப்ளமோ என்று தேசியக் கல்விக் கொள்கை சொல்லும் முறையைப் பற்றியும் கேட்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி. இணையவழியில் நடத்தும் டேட்டா சயின்ஸ் படிப்பில் அப்படிப் படிப்படியாக வெளியேறலாம். நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் அதை நம்பி இரண்டாம் வருடத்தில் நின்றுவிடாதீர்கள்.

டிகிரி இல்லாமல் அரசு வேலைக்குப் போகலாமா?

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்கும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கும் பத்தாம் வகுப்பு போதும். குரூப் 2-க்கு டிகிரி வேண்டும்.

மகன் காலேஜ் போவதாகச் சொல்லிவிட்டுப் போவதில்லை என்று இப்போதுதான் தெரிந்தது. என்ன செய்வது?

அடிக்காதீர்கள், போனைப் பிடுங்காதீர்கள். அவன் போகாமல் இருப்பதைவிட அதை மூன்று மாதம் மறைத்து வைத்திருந்ததுதான் அவனுக்குப் பெரிய பாரமாக இருந்திருக்கும். ‘எத்தனை பேப்பர் பாக்கி’ என்று மட்டும் கேளுங்கள், எண்ணிக்கை வெளியே வந்துவிட்டால் மற்றது பேசலாம். அடுத்த நாள் நீங்களும் அவனோடு கல்லூரிக்குப் போங்கள். துறையில் அவனுக்குப் பிடித்த ஒரு ஆசிரியர் கட்டாயம் இருப்பார், அவர் யார் என்று அவனிடமே கேட்டு அவரை முதலில் பாருங்கள்.

மூன்று வருடம் முடித்து ஆறு வருடம் ஆகிறது. ஐந்து அரியர். இப்போது எழுத முடியுமா?

பெரும்பாலும் முடியும். பதிவு எண், பழைய மார்க் ஷீட்டுகளை எடுத்துக்கொண்டு கல்லூரித் தேர்வுப் பிரிவுக்குப் போய் மூன்று கேள்வி கேளுங்கள்: என் பேட்சுக்கு அவகாசம் இன்னும் இருக்கிறதா, இல்லையென்றால் சிறப்பு வாய்ப்பு அறிவிப்பு ஏதாவது வந்திருக்கிறதா, என் பழைய பேப்பருக்குச் சமமான புதுப் பேப்பர் எது. மூன்றாவது கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. பழைய பாடத்திட்டத்தைப் படித்துக்கொண்டு போய்ப் புதுக் கேள்வித்தாளைப் பார்த்து விழிக்கிறார்கள். ஐந்தையும் ஒரே தடவையில் எழுதாதீர்கள். நவம்பரில் இரண்டு, ஏப்ரலில் மூன்று. வேலை பார்க்கும் இடத்தில் இப்போதே லீவு சொல்லி வையுங்கள். தேர்வுக் கட்டணத்துக்கான கடைசித் தேதி பெரும்பாலும் தேர்வுக்கு ஒரு மாதத்துக்கும் முன்னாலேயே முடிந்துவிடும், அபராதத்தோடு இன்னும் சில நாள் தருவார்கள்.